அலைக்கற்றை ஏலமும் உள்ளூர்த் தொலைக்காட்சியும்

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராக சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில மாடிகளில் இன்னும் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. துணி உலர்த்தும் கொடியின் ஒரு முனை அதில் கட்டப்பட்டிருக்கும். அது எதற்காக நடப்பட்டது என்று முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அலுமினியக் கம்பிகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட தொலைக்காட்சி ஆன்டெனா ஒரு காலத்தில் அதன் உச்சியில் இருந்தது. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று சேதி கடத்த, கூடத்தில் உள்ளவர் "தெரியுது, தெரியுது... போயிடுச்சு" என்று குரல் கொடுப்பார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோதும், சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எங்கள் பகுதிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. எண்பதுகளில் நாடெங்கும் சிறு மறுஒளிபரப்பு நிலையங்கள் அமைக்கப்பட்ட பிறகே தொலைக்காட்சி மாவட்டங்களை எட்டிப் பார்த்தது. அப்போதும் அவற்றில் பல, செயற்கைக்கோள் வழியாக டெல்லி அனுப்பியதை வாங்கி அப்படியே பரப்பும் நிலையங்களாகவே இருந்தன. கடலோர மாவட்டங்களில் பலர் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். நம் ஊர் நிகழ்ச்சியைவிட அயல்நாட்டு நிகழ்ச்சி அருகில் இருந்த விசித்திரமான காலம் அது.

அந்த நிலையங்கள் ஏறத்தாழ எல்லாமே இன்று மூடப்பட்டுவிட்டன. ஒரு காலத்தில் நாடு முழுவதும் சுமார் 1,400 தரைவழி ஒளிபரப்பு நிலையங்களைத் தூர்தர்ஷன் இயக்கிவந்தது. பழைய அனலாக் முறையில் இயங்கிய அந்த நிலையங்களைப் படிப்படியாக மூடிவருவதாகவும், எஞ்சியவற்றையும் 2022 மார்ச் இறுதிக்குள் நிறுத்தப்போவதாகவும் 2021 அக்டோபரில் பிரசார் பாரதி அறிவித்தது. எல்லைப்புறம் உள்ளிட்ட முக்கிய இடங்களில் ஏறக்குறைய ஐம்பது நிலையங்கள் மட்டும் விலக்குப் பெற்றன. தொழில்நுட்பம் காலாவதியாகிவிட்டது, மின்செலவு வீண், விடுபடும் அலைக்கற்றை ஐந்தாம் தலைமுறை போன்ற புதிய சேவைகளுக்குப் பயன்படும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். எங்கும் பெரிய முணுமுணுப்பு எழவில்லை. கேபிளும் டிஷ்ஷும் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடிக்குழாயில் கொடி கட்டியாயிற்று. பார்ப்பவர் இல்லாத சேவைக்காக யார் போராடுவார்கள்?

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் காரணங்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு விளக்கெரிக்கக் கூடாது. ஆனால் பழைய ஒளிபரப்பை நிறுத்துவது ஒரு முடிவு. அந்த ஒளிபரப்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்பது வேறொரு முடிவு. முதல் முடிவை நாம் எடுத்தோம். இரண்டாவதைப் பற்றி யாரும் நம்மைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருந்திருக்க வேண்டிய, கட்டணமின்றிக் காற்றில் வரும் உள்ளூர்த் தொலைக்காட்சி என்ற வாய்ப்பு அந்த இடைவெளியில்தான் கைநழுவியது. முழுவதும் நழுவிவிடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அலைக்கற்றை என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நீதிமன்றமும் நாடாளுமன்ற அமளியும்தான் நினைவுக்கு வரும். வழக்கை மறந்துவிட்டுப் பொருளை மட்டும் பார்ப்போம். மின்காந்த அலைகளில் எந்த அதிர்வெண்ணை யார் பயன்படுத்துவது என்ற பாகப்பிரிவினையே அலைக்கற்றை ஒதுக்கீடு. ஒரே ஊரில் ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். இந்தியாவில் தொலைக்காட்சிக்கு மூன்று நிலப்பரப்புகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 174 முதல் 230 வரை ஒன்று. இவை வி.எச்.எஃப் எனப்படுபவை. 470-க்கு மேல் தொடங்கும் யு.எச்.எஃப் மூன்றாவது. பழைய முறையில் ஓர் அலைவரிசைக்கு வி.எச்.எஃப்பில் 7 மெகாஹெர்ட்ஸும் யு.எச்.எஃப்பில் 8 மெகாஹெர்ட்ஸும் தேவைப்பட்டன.

கைபேசி நிறுவனங்கள் கண்வைப்பது இந்த மூன்றாவது நிலத்தின் மீதுதான். அதிர்வெண் குறையக் குறைய அலை அதிகத் தூரம் செல்லும், சுவரையும் தோப்பையும் ஊடுருவும். 3,300 மெகாஹெர்ட்ஸில் நகரத்தின் சில தெருக்களை மட்டும் சமாளிக்கும் ஒரு கோபுரம், 700 மெகாஹெர்ட்ஸில் பல கிராமங்களை எட்டும். வெள்ளாற்றங்கரைக் கரும்புக் கொல்லையில் நிற்பவருக்குக் கைபேசிச் சைகை வீட்டுக்குள்ளும் வர வேண்டுமென்றால் இந்தக் கீழ் அலைக்கற்றைதான் வழி. ஆகவே அதைக் கைபேசிக்குத் தருவதே தவறு என்று வாதிட மாட்டேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தூர்தர்ஷனின் பழைய நிலையங்களில் கணிசமானவை வி.எச்.எஃப்பில் இயங்கியவை. அந்த அலைக்கற்றையைக் கைபேசி நிறுவனங்கள் விரும்புவதில்லை. எனவே "ஐந்தாம் தலைமுறைக்காக இடம் விட்டோம்" என்பது யு.எச்.எஃப் நிலையங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு மற்றவற்றுக்குப் பொருந்தாது.

இனி அந்த நிலம் விலைபோன கதை. அதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறும்போது ஓர் அற்புதம் நிகழ்கிறது. அனலாக் முறையில் ஒரே ஓர் அலைவரிசை அடைத்துக்கொண்டிருந்த 8 மெகாஹெர்ட்ஸில், இன்றைய டி.வி.பி-டி2 முறையில் பத்துக்கும் மேற்பட்ட அலைவரிசைகளை அடக்கிவிடலாம். பத்துக் குடும்பம் இருந்த தெருவை ஒரே அடுக்குமாடியில் குடியேற்றியதுபோல மீதி நிலம் காலியாகிறது. இந்த மிச்சத்தை 'டிஜிட்டல் ஆதாயம்' என்பார்கள். பல நாடுகள் அதன் மேற்பகுதியை, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை, கைபேசிக்குக் கொடுத்தன. சில நாடுகள் அடுத்து 600-ஐத் தொட்டன.

இந்தியா 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2016-இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை விலை 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் விலையை 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கியபோது, ரிலையன்ஸ் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸை 39,270 கோடிக்கு எடுத்துக்கொண்டது. முதல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே ஏலத்தில் முதன்முறையாக வைக்கப்பட்ட 600 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை. அந்த ஏலத்தின் மொத்த வருவாய் 1,50,173 கோடி என்ற தலைப்புச் செய்தியில் இது மறைந்துபோயிற்று. 2024 ஜூன் ஏலத்தில் 600, 700 இரண்டுமே இடம்பெறவில்லை.

நிலத்தை விற்காமல் வைத்திருந்தால் நாளை நல்ல விலை வரலாம். அலைக்கற்றை அப்படியல்ல. இன்று பயன்படாத அலைக்கற்றையை மூட்டை கட்டி நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. வீராணம் ஏரியின் கலிங்கில் வழிந்து கடலுக்குப் போன தண்ணீர்போல அது அன்றைக்கே போய்விடுகிறது. ஒருபுறம் தொலைக்காட்சிக்கு இனி இங்கே இடமில்லை என்கிறோம். மறுபுறம் அந்த இடத்தின் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. வாய்ப்புச் செலவு பற்றி வகுப்பில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்கா இதே வேலையை எப்படிச் செய்தது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு நகரத்திலும் காற்றுவழி ஒளிபரப்பும் தனியார் நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிமம், அந்த உரிமத்துக்கு ஒரு மதிப்பு. அலைக்கற்றையை அரசு அதிகாரி பங்கிடுவதைவிட உரிமையாக வரையறுத்து விலைக்கு விடுவதே மேல் என்று ரொனால்ட் கோஸ் 1959-இல் எழுதினார். டெல்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. 2016–17-இல் அமெரிக்கா நடத்திய 'ஊக்க ஏலம்' அவர் சொன்னதன் நேரடி வடிவம். தொலைக்காட்சி நிலையங்கள் "இவ்வளவு கொடுத்தால் விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு பக்கம் விலை சொல்ல, கைபேசி நிறுவனங்கள் மறுபக்கம் விலை கேட்டன. 84 மெகாஹெர்ட்ஸ் விடுபட்டது. கிடைத்த சுமார் 1,980 கோடி டாலரில் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல், இடம் விட்ட 175 நிலையங்களுக்குப் போயிற்று. மீதி நிலையங்களில் 987, திருவிழாக் கடைத்தெருவில் கடைகளை நெருக்கி வைப்பதுபோலக் குறைந்த இடத்துக்குள் மாற்றியமைக்கப்பட்டன. மாற்றும் செலவுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. 2020 ஜூலையில் அந்த வேலை முடிந்தது.

அங்கும் எல்லாம் நன்றாக நடக்கவில்லை. குறைந்த சக்தி கொண்ட சிறு நிலையங்களுக்கும், மலைகளுக்கு அப்பால் உள்ள சிற்றூர்களுக்குச் சைகையைக் கடத்தும் மறுஒளிபரப்பிகளுக்கும் அந்த ஏலத்தில் பங்கேற்க உரிமை இல்லை. இடம் பறிபோனால் வேறிடம் தேடிக்கொள் என்பதே அவற்றுக்குச் சொல்லப்பட்டது. யூட்டா போன்ற மாநிலங்களில் இத்தகைய மறுஒளிபரப்பிகளை மாவட்ட நிர்வாகங்களே நடத்திவந்தன. கூக்குரல் எழுந்த பிறகுதான், 2018-இல், அவற்றுக்கும் மாற்றுச் செலவில் பங்கு தர நாடாளுமன்றம் முன்வந்தது. சட்டத்தில் உரிமை எழுதப்பட்டவர்களுக்குப் பணம், எழுதப்படாதவர்களுக்கு அலைச்சல் என்பதை அந்தக் கதை பச்சையாகக் காட்டுகிறது.

நம் நாட்டில் அந்தப் பேரமேசையின் மறுபக்கத்து நாற்காலியே காலியாக இருந்தது. காற்றுவழித் தொலைக்காட்சியை நடத்தும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டுமே இருந்தது. தனியார் அலைவரிசைகள் செயற்கைக்கோள் வழியாக வந்தன. கேபிள் வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. ஆனால் ஒரு கோபுரம் கட்டித் தன் ஊருக்கு ஒளிபரப்ப எவருக்கும் அனுமதி இருந்ததில்லை. ஒளிபரப்பு அலைகள் பொதுச்சொத்து, அவை பொதுநலனுக்காகப் பயன்பட வேண்டும், அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயன் வானொலிக்குக் கிடைத்தது. தனியார் பண்பலையும், 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வளாக வானொலியைத் தொடர்ந்து சமுதாய வானொலிகளும் வந்தன. தரைவழித் தொலைக்காட்சியில் மட்டும் கதவு திறக்கவில்லை. தனியாரை அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2005-இல் பரிந்துரைத்தது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பில் அனுமதிக்கலாம் என்று 2017 ஜனவரியில் மீண்டும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் பரிந்துரைகளாகவே நின்றன.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கையில் தனியார் துறையின் சக்தி, அரசுத் துறையின் வசந்தம் ஆகிய தமிழ் அலைவரிசைகள் ஆன்டெனாவில் வருபவை. டிஜிட்டலுக்கு மாறுவதில் அந்நாடு மிகவும் பின்தங்கியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் நாளை அங்கே மாற்றம் வரும்போது, "எங்களுக்கு எந்த இடம்?" என்று கேட்க நிலையங்கள் இருக்கும். ஏழு கோடிக்கும் மேற்பட்ட தமிழர்கள் வாழும் தமிழ்நாட்டில் அப்படிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. கட்சிக்கொரு தொலைக்காட்சி இருக்கும் மாநிலம் இது என்பதை இந்த இடத்தில் வாசகர் நினைத்துக்கொள்ளலாம். அவை எல்லாமே வானத்தில் இருக்கின்றன, ஒன்றும் தரையில் இல்லை.

அப்படியானால் தூர்தர்ஷனே டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை விரிவாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். தொடங்கினார்கள். 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டி.வி.பி-டி2 ஒளிபரப்பு ஆரம்பமானது. அந்தச் சைகையைப் பெறும் கருவி கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கருவி இல்லாததால் பார்வையாளர் இல்லை, பார்வையாளர் இல்லாததால் கருவி செய்பவர் இல்லை. இந்தச் சுழலை உடைக்க வேண்டியது அரசுதான். பிரிட்டனில் 2008 முதல் 2012 வரை வட்டாரம் வட்டாரமாக அனலாக்கை நிறுத்தியபோது, 75 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவி பொருத்தித்தர ஓர் உதவித் திட்டமே இருந்தது. அமெரிக்கா 2009-இல் நிறுத்துவதற்கு முன்பு வீட்டுக்கு இரண்டு நாற்பது டாலர் கூப்பன்கள் கொடுத்தது. நாம் எதுவும் கொடுக்கவில்லை. புதியது ஊரை எட்டும் முன்பே பழையதை நிறுத்தினோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய கட்டணமில்லா டிஷ் சேவை இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஒருமுறை கருவிக்குச் செலவழித்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை. முன்பு பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று புதுப்பெயர் பெற்ற அலைவரிசையும் அதில் வருகிறது. பிறகு கோபுரம் எதற்கு?

இந்தக் கேள்விக்கான பதில்தான் என் வாதத்தின் மையம். செயற்கைக்கோள் ஒரே குடையில் இந்தியா முழுவதையும் மூடுகிறது. அதில் ஸ்ரீமுஷ்ணத்துக்கென ஓர் அலைவரிசை நடத்தினால், அதைக் காஷ்மீரும் பார்க்கும். காஷ்மீருக்கு அது தேவையில்லை. ஆனால் நாடு முழுவதற்குமான அலைவரிசை அடைக்கும் அதே இடத்தை அதுவும் அடைக்கும், அதே வாடகையைக் கேட்கும். எனவே செயற்கைக்கோளில் உள்ளூர் என்பது கட்டுப்படியாகாது. ஃப்ரீ டிஷ் இடங்களைத் தனியார் ஏலத்தில் எடுக்கிறார்கள். அதிகம் எடுப்பவை இந்தி அலைவரிசைகள். தனியார் தமிழ் அலைவரிசைகள் மிகச் சிலவே. தரைக் கோபுரத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அதன் அலை சில பத்துக் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். தேய்வது குறையல்ல, அதுவே அதன் சிறப்பு. விருத்தாசலத்தில் பயன்படும் அதே அதிர்வெண்ணைத் தேனியிலும் நெல்லையிலும் வேறு வேறு உள்ளூர் நிகழ்ச்சிகளுக்குத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஒரே 8 மெகாஹெர்ட்ஸ், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு நிலையங்கள். உள்ளூர்ச் சேவைக்கு இயற்கையாகவே மலிவான தொழில்நுட்பம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைத்தான் நாம் மூடினோம்.

இன்று எங்கள் பகுதியில் உள்ளூர்த் தொலைக்காட்சி என்று எதைச் சொல்வது? கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் அலைவரிசையைத்தான். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா வாழ்த்து, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கோயில் உற்சவத்தின் நேரலை, இடையில் பழைய பாடல்கள். படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. எந்தத் தெருவில் யார் இறந்தார், எந்தப் பள்ளியில் யார் முதல் மதிப்பெண் என்பதைச் சொல்லும் ஒரே திரை அது. 2006-க்குப் பிறகு மாநில அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தபோது, பெட்டியோடு ஆன்டெனா கொடுக்கப்படவில்லை. கேபிள் இணைப்புத்தான் அதைத் தொடர்ந்து வந்தது. 2011-இல் அரசு கேபிள் நிறுவனம் 70 ரூபாய் மாதக் கட்டணத்தில் மறுபடி உயிர்பெற்றதற்கு அதுவும் ஒரு பின்னணி. இன்று இணையமும் கைபேசியும் கேபிள் இணைப்பைத் தின்றுகொண்டிருக்கின்றன. இணைப்பு குறையும்போது கேபிள்காரர் முதலில் கைவிடுவது உள்ளூர் அலைவரிசையைத்தான். அதற்கு ஒளிப்பதிவாளர் வேண்டும், சம்பளம் வேண்டும்.

உள்ளூர்ச் செய்தி யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது என்பது சரி. சிலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் இணையத்தில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியே தரவு அனுப்ப வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் ஆயிரம் மடங்கு நெரிசல். அதன் செலவைப் பார்ப்பவர் ரீசார்ஜில் கொடுக்கிறார். காற்றுவழி ஒளிபரப்பில் ஆயிரத்தோராவது பார்வையாளருக்கான கூடுதல் செலவு சுழியம். பொதுப்பண்டம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்குக் கலங்கரை விளக்கத்தையும் தொலைக்காட்சிக் கோபுரத்தையும்தான் காட்டுவேன். 

தரைவழி ஒளிபரப்பு மறைந்ததால் வந்த இழப்புகளில் ஒன்று யாரும் எதிர்பாராதது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டிகளைத் தனியார் ஒளிபரப்பாளர்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிரப்படும் சைகையைத் தூர்தர்ஷனின் தரைவழிச் சேவையிலும் அதன் சொந்த டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள் வழியாகக் கொண்டுசெல்லக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரைவழிச் சேவை இருந்தவரை கேபிள் வீட்டுக்காரருக்கும் ஒரு வழி இருந்தது. மாடியில் ஆன்டெனா வைத்துக்கொள்ளலாம். இப்போது ஃப்ரீ டிஷ் வாங்கியவருக்கு மட்டுமே அந்தச் சட்டம் பயன்படுகிறது.

புயலையும் சொல்லாமல் விட முடியாது, கடலூர் மாவட்டத்துக்காரன் என்பதால். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 வெள்ளத்திலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் மாவட்டம் மறுபடி தத்தளித்தது. இத்தகைய நாட்களில் கேபிள் அறுந்துவிடும், டிஷ் திசைமாறிவிடும், மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரங்களும் அடங்கிவிடும். உடனே "தரைவழித் தொலைக்காட்சி இருந்திருந்தால்" என்று நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் மின்சாரம் இல்லாதபோது எந்தத் தொலைக்காட்சியும் இயங்காது. அன்று உதவியது பேட்டரி வானொலி. ஆனால் ஒளிபரப்பைக் கைபேசியே நேரடியாகப் பெற முடிந்தால்?

இது கற்பனையல்ல. இணையமும் சிம் அட்டையும் இல்லாமலே தொலைக்காட்சிச் சைகையைக் கைபேசியில் பெறும் 'டைரக்ட் டு மொபைல்' தொழில்நுட்பத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யும் பெங்களூரைச் சேர்ந்த சாங்க்யா லேப்ஸும் உருவாக்கிப் பரிசோதித்திருக்கின்றன. அதற்கு 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை ஒதுக்கிவைக்கும் முயற்சி நடப்பதாக 2024 ஜனவரியில் தகவல் ஒலிபரப்புத் துறையின் அப்போதைய செயலாளர் தெரிவித்தார். கைபேசிச் சேவை நிறுவனங்களுக்கு இதில் உவப்பில்லை. காணொளிதான் அவர்களுடைய தரவு வருவாயின் பெரும்பகுதி. தனி ஏற்புச் சில்லு இல்லாத கைபேசிகளில் இது இயங்காது என்பதும் உண்மையான இடையூறுதான். இந்தத் திட்டம் வெல்லுமா என்று என்னால் ஆரூடம் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது வேறு. தொழில்நுட்பம் எதுவாயினும், அந்த அலைக்கற்றையில் உள்ளூருக்கு எவ்வளவு என்பது இப்போதே எழுதப்பட வேண்டும். டெல்லியிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே தொகுப்பை அனுப்பும் ஏற்பாடாக இது முடிந்தால், எண்பதுகளின் மறுஒளிபரப்பு நிலையம் கைபேசிக்குள் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு மாற்றம் இராது.

கணக்கு எளியது. 470-க்கும் 582-க்கும் இடையே 112 மெகாஹெர்ட்ஸ். எட்டு எட்டாகப் பிரித்தால் 14 இடங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை மாவட்ட ஒளிபரப்புக்கென ஒதுக்கினாலும், மறுபயன்பாட்டின் வழியே ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்து உள்ளூர் அலைவரிசைகள் வரை இயங்கலாம். பக்கத்து மாவட்டங்கள் ஒன்றையொன்று இடைமறிக்காமல் இருக்க இன்னும் ஓரிரு இடங்கள் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கோபுரங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மூடப்பட்ட நிலையங்களின் கோபுரங்களில் பல இன்னும் பிரசார் பாரதியிடமே உள்ளன. வட்டார மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடமளிக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டமே அந்த அமைப்புக்கு விதித்துள்ள கடமை. கோபுரத்தை அது வைத்துக்கொள்ளட்டும். நிகழ்ச்சியைப் பல்கலைக்கழகங்கள், கூட்டுறவு அமைப்புகள், பிழைப்புக்குத் தவிக்கும் கேபிள்காரர்கள் தரட்டும். சமுதாய வானொலிக்கு உள்ளதுபோல எளிய உரிமமும், ஏலமில்லாத சிறு கட்டணமும் போதும். அரசியல் கட்சிகளுக்கு மட்டும் இங்கே இடம் தரக் கூடாது என்று நிபந்தனை போட வேண்டும். வானத்தில் அவர்களுக்குப் போதிய இடம் இருக்கிறது.

ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வழியில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள், தர்காவுக்குக் கோயில் மரியாதை போகிறது. தலைமுறைகளாக நடக்கும் இந்த நிகழ்ச்சி பெரிய அலைவரிசைகளில் வந்தால் அரை நிமிடம் வரும். இந்த மாவட்டத்துக்காரர்கள் முழு நாளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வீராணத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கிறார்களா, வெள்ளாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பவையும் அப்படித்தான். தரைவழி ஒளிபரப்பைத் திறந்துவிடச் சொல்லும் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்னும் மத்திய அரசின் கோப்பில்தான் இருக்கிறது. 470–582 பட்டையில் இன்னும் எதுவும் விற்கப்படவில்லை. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது அந்த 14-இல் ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டிய நேரம் இதுதான்.